பிள்ளை மனசைத் திறந்து சொல்லிவிட்டது, இனி என்ன செய்வது? கொங்குப் பகுதிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் கீழ்பவானிப் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் போடுகிற விவசாயி. என் மகளுக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு. அவள் அதை எங்களிடம் சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைக் கேள்விப்பட்டு கோபி, பல்லடம், காங்கேயம், நாமக்கல் என்று பல பக்கமிருந்தும் அப்பா அம்மாக்கள் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, மெதுவான குரலில் பேசுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மகளிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். அவள் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்றாள், அதனால் இல்லை.

மகள் இப்போதுதான் சொன்னாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் என்ன செய்வது?

நான் செய்ததைச் செய்யாதீர்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மாதம். தீபாவளி லீவுக்கு மகள் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். வரப்பில் வந்து நின்றவள், "அப்பா, சாதகம் பாக்கறதை எல்லாம் நிறுத்திருங்க. எனக்கு ஆம்பளைங்க மேல மனசு போகலைங்க. ஒரு பொண்ணைத்தான் புடிச்சிருக்கு" என்றாள். நான் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றேன். மடை உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவள்தான் குனிந்து கையால் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தாள். நான் சொன்னது ஒரே வார்த்தை: "ஊட்டுக்குப் போ."

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. அவள் தினமும் அம்மாவுக்குப் போன் செய்து, "அப்பா சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் நானே கூப்பிட்டு, "சாப்பிட்டியா அம்மிணி?" என்றேன். அதற்கு மேல் எனக்கும் பேச்சு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. ரொம்ப நேரம் அழுதாள். அந்தப் பதினோரு நாளில் என்னென்ன நினைத்தாள் என்று பிறகு ஒருநாள் சொன்னாள். அதை இங்கே எழுத என்னால் முடியாது.

முதல் நாளில் உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "எனக்கு இது புதுசு, புரிய நாளாகும். ஆனா நீ எங்க பிள்ளைதான், வா சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். அதுவே போதும். கத்தியிருந்தால், கை நீட்டியிருந்தால், நாளைக்கே மன்னிப்புக் கேளுங்கள். அப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் பக்கம் வழக்கமில்லைதான். இருந்தாலும் கேளுங்கள்.

போனைப் பிடுங்கி வைப்பது, வேலைக்குப் போகாமல் தடுப்பது, அறையில் பூட்டுவது, "நான் மருந்தைக் குடிச்சுச் செத்துருவேன்" என்று மிரட்டுவது, இவை எதுவும் வேண்டாம். பிள்ளை நம்மை நம்பி வந்து சொல்லியிருக்கிறது. எத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்து அந்த இரண்டு வரியைச் சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தன்பாலீர்ப்பு என்றால் சரியாக என்ன? திருநங்கை என்பதும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் காதலும் ஈர்ப்பும் வருவது தன்பாலீர்ப்பு. கே, லெஸ்பியன் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். யார் மீது மனசு போகிறது என்பதைப் பற்றிய சொல் இது. பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டவர் தன்னைப் பெண்ணாக உணர்ந்தால் திருநங்கை, பெண் என்று குறிக்கப்பட்டவர் தன்னை ஆணாக உணர்ந்தால் திருநம்பி. அது தான் யார் என்பதைப் பற்றியது. "என் பையன் சேலை கட்டிக்குவானா?" என்று பயந்துபோய்க் கேட்ட அப்பாக்கள் உண்டு. உங்கள் மகன் ஆண்தான், ஆணாகத்தான் இருக்கிறான்.

ஆண், பெண் இருவர் மீதும் ஈர்ப்பு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை அப்படிச் சொன்னால், "அப்ப ஒரு பையனையே கட்டிக்கலாமே" என்று பேரம் பேச ஆரம்பிக்காதீர்கள்.

சொற்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஓரினச்சேர்க்கை" என்று பேப்பரில் போடுவார்கள். இரண்டு பேரின் வாழ்க்கையை அந்தச் சொல் வெறும் படுக்கையாக்கிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் காதில் விழும் கேலிப் பெயர்களை வீட்டுக்குள் விடவே கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022ல் அரசிதழிலேயே வெளியிட்டது.

எங்கள் வளர்ப்பில் எங்கே தப்பு நடந்தது? ஹாஸ்டலில் விட்டதா, செல்போன் கொடுத்ததா?

எங்கேயும் இல்லை. என் மனைவி ஒரு வருடம் இதையே நினைத்து நினைத்து உருகினாள். மகளுக்குச் சின்ன வயதில் கிராப் வெட்டிவிட்டதை, தறிக்குடோனுக்குக் கூட்டிப்போனதை, பொறியியல் படிக்க அனுப்பியதை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தாள். மகளோ, எட்டாம் வகுப்பிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்கிறாள். அப்போது எங்கள் வீட்டில் செல்போனும் இல்லை, அவள் ஹாஸ்டலும் பார்த்ததில்லை.

இதற்கு இதுதான் காரணம் என்று ஒற்றைக் காரணத்தை விஞ்ஞானிகளும் சொல்வதில்லை. மரபணுவுக்கும் இதில் பங்குண்டு, ஆனால் அது ஒரே ஒரு மரபணு கிடையாது. பெற்றோர் வளர்த்த விதத்தால் இது வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்பா கண்டிப்பாக இருந்த வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் உண்டு, அப்பாவே இல்லாத வீட்டிலும் உண்டு.

டாக்டரிடம் காட்டினால் மாற்றிவிடலாம் என்கிறார்களே?

மாற்ற முடியாது. மாற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1990ல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதற்கும் முன்பே, 1973ல், இது நோயில்லை என்று முடிவெடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018ல் அதையே சொன்னது. இதை மாற்றுவதாகச் சொல்லி மருந்து, ஷாக், ஹார்மோன் ஊசி, 'கவுன்சலிங்' என்று எதைக் கொடுத்தாலும் அது ஈர்ப்பை மாற்றும் சிகிச்சை (கன்வர்ஷன் தெரபி) எனப்படும். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதற்குத் தடை விதித்தார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், இதைச் செய்வது டாக்டர் தொழில் ஒழுக்கத்தை மீறும் செயல் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. ஆகவே புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது.

எங்களுக்கும் ஒருவர் கிடைத்தார். ஊரும் பேரும் வேண்டாம். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, "ஆறு மாசம் மாத்திரை, நடுவுல ஒரு கல்யாணம், சரியாயிரும்" என்றார். எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதி தூக்க மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். சீட்டைக் கிழித்துப் போட்டோம்.

ஆனால் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி இருந்தால் அதற்கு நல்ல டாக்டர் வேண்டும்தான். அந்த வேதனைக்குச் சிகிச்சை உண்டு, தயங்கவே வேண்டாம். போகும் முன் போனிலேயே கேளுங்கள்: "தன்பாலீர்ப்பை நீங்கள் நோயாகப் பார்க்கிறீர்களா?" இல்லை என்று நேராகச் சொல்கிறவரிடம் போங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பாலீர்ப்பைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104ஐயும் கூப்பிடலாம்.

ஒரு ஆய்வைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தன்பாலீர்ப்போ இருபால் ஈர்ப்போ உள்ள, 21 முதல் 25 வயது வரையிலான 224 இளைஞர்களிடம் கேட்டு 2009ல் வெளியிட்டார்கள். வளரும் வயதில் வீட்டாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். எட்டு மடங்கு. அந்த இளைஞர்கள் எல்லோருக்கும் இப்படிப்பட்ட ஈர்ப்பு இருந்தது. வித்தியாசம் அவரவர் வீட்டில் நடந்ததில் இருந்தது.

கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினால், பரிகாரம் செய்தால்?

கும்பிடப் போங்கள், உங்கள் மனசுக்கு ஆறுதல் கிடைக்கும். பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்ச் சாமியாடி முன்னால் நிறுத்தாதீர்கள். வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது எல்லாம் கொடுமை. எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு மாசிப் பொங்கலுக்கு மகள் இன்றும் வருகிறாள், மாவிளக்கு எடுக்கிறாள். அவளை ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சாமி எங்களிடம் சொல்லவில்லை.

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடாதா?

எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான். நம் பக்கம் வீட்டில் எந்தப் பிரச்சனை வந்தாலும் கல்யாணத்தைத்தான் மருந்தாகச் சொல்வார்கள். குடிக்கிறவனுக்குக் கல்யாணம், வேலைக்குப் போகாதவனுக்குக் கல்யாணம், இப்போது இதற்கும் கல்யாணம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பனியன் தொழிலில் இருக்கிறவர்கள். மகன் சொல்லிவிட்டான், "எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு இல்லைங்க" என்று. அப்பா ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்தார். அம்மா மகன் காலிலேயே விழுந்தார். பையன் தலையாட்டிவிட்டான். இரண்டாயிரம் பத்திரிகை அடித்தார்கள், மண்டபம் நிறையக் கூட்டம். நானும் போய் மொய் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

பதினான்கு மாதம் கழித்து அந்தப் பெண் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். தூரத்து உறவுமுறையில் எங்களுக்கு அவள் மகள் வேண்டும், அதனால் என் மனைவி பார்க்கப் போனாள். அந்தப் பெண் கேட்டாளாம், "பெரியம்மா, என்ற கிட்ட என்ன குறைங்க? நெறம் கம்மியா? கொஞ்சம் குண்டா இருக்கறனா?" பதினான்கு மாதமும் அவள் கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்துக் குறை தேடியிருக்கிறாள். எம்.எஸ்ஸி. படித்த பெண். உடம்பு இளைக்க ஒருவேளைச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். மாமியாரோ குழந்தை ஏன் நிற்கவில்லை என்று அவளைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார், எல்லாம் தெரிந்தே. நகையும் சீரும் திரும்பி வந்துவிட்டன. அந்தப் பதினான்கு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்தப் பையனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவனும் உடைந்துபோய்த்தான் இருக்கிறான். உண்மையை மறைத்து ஊரான் வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்தவர்கள் பெரியவர்கள். நமக்கும் பெண் இருக்கிறாள், நம் பெண்ணை ஒருவர் இப்படிக் கொண்டுபோயிருந்தால் சும்மா இருப்போமா?

மகளைக் கட்டாயப்படுத்திக் கட்டிக்கொடுத்தால் நடப்பது இதைவிட மோசம். பிடிக்காத ஒருவரோடு ஓர் அறைக்குள் அவளை அனுப்பிக் கதவைச் சாத்துகிறோம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்திலும், கட்டாயத்தால் சம்மதம் வாங்கி நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போக இடமிருக்கிறது.

தரகரிடம் கொடுத்த சாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கிற முதல் நிம்மதி அதுதான். நான் வாங்கிவந்து மகள் கையில் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று அப்புறம் சொன்னாள்.

ஊருக்கும் ஒரம்பரைக்கும் என்ன பதில் சொல்வது? வெளியே தலைகாட்ட முடியுமா?

இந்தப் பயம் நியாயமானது. கூட்டம், பங்காளி, மாமன் மச்சான் என்று நம் வாழ்க்கை பின்னிக் கிடக்கிறது. காதுகுத்துக்கும் நோம்பிக்கும் எளவுக்கும் அவர்கள்தான் வந்து நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற உரிமை உங்களுக்கு இல்லை, பிள்ளைக்குத்தான். பெரியப்பாவிடம் சொல்லட்டுமா, தம்பியிடம் சொல்லட்டுமா என்று ஒவ்வொரு ஆளுக்கும் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மனசு தாங்காமல் தங்கச்சியிடம் கொட்டிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதே" என்றால், அது மறுநாள் பொழுதோட ஊர் முழுக்கப் போய்விடும். அதில் ஆபத்தும் இருக்கிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்த பையனை 2016ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதைப் பார்த்த மண் இது. குடும்ப கௌரவம் என்று சிலர் எதுவரைக்கும் போவார்கள் என்று நமக்குத் தெரியும். பிள்ளையின் உயிருக்கு நாம்தான் காவல்.

"எப்பக் கல்யாணம்?" என்று கேட்பவர்களுக்கு நீளமான கதை தேவையில்லை. "இப்போதைக்குப் பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டு மழை பெய்ததா என்று கேளுங்கள். பொய் சாதகம், பொய் தோஷம் என்று கட்டினால் அதைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய் வேண்டும். முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையாத பையன்கள் இன்று நம் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கல்யாணமாகாதவர்களைப் பார்த்து ஊர் முன்போல அதிசயப்படுவதில்லை.

என் மகன் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நம் வழக்கப்படி மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். மேடையில் எல்லோர் கண்ணும் இவள் மேல்தான் இருக்கும், "தம்பிக்கு ஆச்சு, உனக்கு எப்போ?" என்று ஆளாளுக்குக் கேட்பார்களே என்று என் மனைவிக்கு ஒரே வெசனம். சித்தப்பா மகளை உட்காரவைக்கலாமா என்றுகூட யோசித்தாள். மகன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "அக்கா இல்லாம எனக்குச் சீரு வேண்டாம்." மகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து இணைச்சீர் செய்தாள். கேட்டவர்கள் கேட்டார்கள், அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவள் துணையும் வந்திருந்தாள், வாசலில் நின்று சந்தனம் குங்குமம் கொடுத்தாள். யாரென்று சொல்வது என்று முதல் நாளே மகளிடம் கேட்டோம். "தோழின்னே சொல்லுங்க, போதும்" என்றாள். அப்படியே சொன்னோம்.

ஊர் மாறவே மாறாது என்றும் நினைக்காதீர்கள். இதே ஈரோட்டில், சின்ன வயதிலேயே கணவனை இழந்த தன் உடன்பிறந்தவரின் மகளுக்குப் பெரியார் மறுமணம் செய்துவைத்தபோது சொந்தபந்தமே எதிர்த்தது. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்கிற சுயமரியாதைத் திருமணம் 1968ல்தான் சட்டப்படி செல்லுபடியானது. இன்றைக்கு மறுமணத்துக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் நாம் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டு வருகிறோம்.

அப்பிச்சி, அம்மாயிக்குச் சொல்லலாமா?

பிள்ளை விரும்பினால் சொல்லலாம். வயதானவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். என் மாமியாருக்கு எண்பது வயது. மகள் அவர் மடியில் படுத்துக்கொண்டு சொன்னபோது கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் புள்ள உன்னை நல்லாப் பாத்துக்குவாளா?"

நான் ஏற்றுக்கொண்டேன், என் வீட்டுக்காரர் ஏற்க மறுக்கிறார். நான் என்ன செய்ய?

இருவரும் ஒரே வேகத்தில் வர மாட்டார்கள். எங்கள் வீட்டில் நான் முதலில் தோற்றேன், அப்புறம் முன்னால் போனேன். என் மனைவி முதலில் பிள்ளையோடு பேசினாள், பிறகு ஒரு வருடம் உள்ளுக்குள்ளேயே அழுதாள். அவரை வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஆனால் பிள்ளையை வைவதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். "உங்க வருத்தத்தை என்கிட்டச் சொல்லுங்க, அவன்கிட்ட வேண்டாம்" என்று சொல்லலாம்.

அவர் மதிக்கிற ஒருவரைப் பேசவைப்பதும் உதவும். நீதிபதி லீலா சேத், இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. மகனின் ஈர்ப்பைத் தெரிந்துகொண்டு அவனோடு நின்றவர், அதைப் பற்றி வெளிப்படையாக எழுதியும் இருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றம் 2025ல் ஒரு வழக்கில் இவரைத்தான் எடுத்துக்காட்டியது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல இருந்துவிடுவதில்லை என்று வருத்தத்தோடு குறிப்பிட்டது.

மகள் வீட்டைவிட்டு அவளோடு போய்விட்டாள். காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா?

18 வயது நிறைந்தவள் என்றால், தன் விருப்பப்படி போனவளை இழுத்துவர உங்களுக்கு அதிகாரம் இல்லை. போலீஸுக்கும் இல்லை. நான் மேலே சொன்ன 2021 தீர்ப்பே இப்படி ஒரு வழக்கில் வந்ததுதான். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டு எதிர்ப்பால் சென்னைக்குப் போனார்கள், பெற்றோர் புகார் கொடுத்தார்கள். இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடுதான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். 2022ல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளிலேயே, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் என்னைத் தொட்டது வேறொன்று. தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று அந்த நீதிபதி ஒளிக்காமல் சொன்னார். ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியே கற்றுக்கொள்ளலாம் என்றால் நான் கற்றுக்கொள்வதில் என்ன வெட்கம் என்று எனக்குத் தோன்றியது.

லீலா சேத்தை எடுத்துக்காட்டிய அந்த 2025 மே மாத வழக்கில், 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். தோழி நீதிமன்றம் போனாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டார்கள். குடும்பம் அமைத்துக்கொள்ளக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதினார்கள்.

ஆகவே ஸ்டேஷனுக்குப் போகாமல் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "எங்க இருந்தாலும் பத்திரமா இரு. கோபமில்லை. எப்ப வேணும்னாலும் ரெண்டு பேருமா வாங்க." பதில் வர மாதங்கள் ஆகலாம். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

இது சட்டப்படி குற்றமா? அவர்கள் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா?

குற்றம் இல்லை. வெள்ளைக்காரர்கள் 1860ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுதான் இதைக் குற்றமாக வைத்திருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். இந்த மக்களிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். குடும்பங்களிடமும் என்று சேர்த்தாரே, அதை நான் பலமுறை படித்தேன்.

கல்யாணத்துக்கு இன்னும் சட்ட அங்கீகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. ஆனால் சேர்ந்து வாழலாம். இருவர் பேரிலும் வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் தெளிவாக்கியது. ரேஷன் கார்டிலும் இவர்களை ஒரே வீட்டாராகக் கருத வேண்டும் என்று அதே ஆண்டில் மாநிலங்களுக்கு எழுதினார்கள்.

சொத்து, வயதான காலம் இதெல்லாம் என்ன ஆகும்?

உயில் எழுதச் சொல்லுங்கள், இருவரையும். உயில் இல்லாவிட்டால் துணைக்குச் சல்லிக்காசு உரிமை வராது. இருபது வருடம் சேர்ந்து கட்டிய வீட்டுக்கு, பேசாமல் இருந்த பங்காளி வந்து நிற்பான். உயிலைப் பதிவு செய்துவிடுவது நல்லது. மருத்துவக் காப்பீடு, வேலை செய்யும் இடத்தில் நாமினி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர், எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள்.

"சொத்துல ஒரு செண்டு தரமாட்டேன்" என்று மிரட்டும் அப்பாக்களுக்கு: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் போட்டுவிட்டது.

அவர்களுடைய துணை வீட்டுக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வது?

மருமகளோ மருமகனோ முதல்முறை வந்தால் என்ன செய்வீர்களோ அதையே. முதல் தடவை அவள் வந்தபோது என் மனைவி அரிசிம்பருப்பு சாதம் செய்தாள், நெய்யைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள். அந்தப் பெண் தஞ்சாவூர்ப் பக்கம், அதைச் சாப்பிட்டதே இல்லையாம். இரண்டாவது முறை வந்தபோது அவளே அடுப்படிக்குள் போய், "எப்படிம்மா செய்யறது?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை கிளம்பும்போது என் மனைவி இரண்டு பாட்டில் தேங்காய் எண்ணெய் கட்டிக் கொடுத்தாள். மகளுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

என்னால் இன்னும் மனசார ஏற்க முடியவில்லை. நான் கெட்ட தாயா?

இல்லைங்க. பேரன் பேத்தி, வளைகாப்பு, சீர் என்று இருபத்தைந்து வருடம் கனவு கண்டிருப்பீர்கள். அது நடக்காது என்று தெரியும்போது அழுகை வரத்தான் செய்யும், அழுங்கள். பிள்ளை முன்னால் மட்டும் வேண்டாம். தன்னால் அம்மா அழுகிறாள் என்ற பாரத்தை அது வேறு சுமக்க வேண்டியிருக்கும். இதே வழியில் வந்த இன்னொரு பெற்றோரிடம் பேசுவதைப்போல ஆறுதல் வேறில்லை. மும்பையில் 2017ல் தொடங்கிய ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு இருக்கிறது. சென்னையில் ஓரினம் என்ற குழு பல வருடமாகத் தமிழிலும் எழுதுகிறது, குடும்பங்களுக்கு உதவுகிறது. சட்ட உதவிக்கு 15100, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

மகன் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுகிறது. நானே கேட்டுவிடலாமா?

நேராகக் கேட்டு மூலையில் நிறுத்தாதீர்கள். போனை நோண்டிப் பார்க்கவும் வேண்டாம். சொல்லலாம் என்ற தைரியம் அவனுக்கு வரும்படி வீட்டை வைத்துக்கொண்டால் போதும்.

பல்லடத்துப் பக்கம் ஓர் அம்மா இதே கேள்வியைத்தான் கேட்டார். ஒருநாள் டிவி காமெடியில் ஒரு ஆளைப் பெண் மாதிரி நடக்கிறான் என்று கேலி செய்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவர், "இதுல சிரிக்க என்ன இருக்கு, அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே" என்று சொல்லிச் சேனலை மாற்றியிருக்கிறார். மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். மூன்று வாரம் கழித்து, இவர் கட்டுத்தறி பக்கம் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தான். பாதிக் கூடை முடிந்தபோது சொன்னான். அவனுக்கு அப்போது வயது 31.